ட்ரஸ்டட் கான்டாக்ட் உங்கள் பணத்தை எடுக்க முடியாது

"அமெரிக்காவில் முதலீட்டுக் கணக்கு வைத்திருப்போர் கவனத்துக்கு! ட்ரஸ்டட் கான்டாக்ட் என்று பெயர் கொடுத்தால் அந்த ஆள் உங்கள் பணத்தை எடுத்துவிடலாம். கொடுக்காவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள்." அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸாப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. இரண்டுமே தவறு. ட்ரஸ்டட் கான்டாக்ட் என்பவர், உங்களைப் பற்றிக் கவலை எழுந்தால் நிறுவனம் அழைத்து விசாரிக்க நீங்கள் பெயர் தரும் நம்பகமான ஒருவர், அவ்வளவுதான்.

புரோக்கர் நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான ஃபின்ராவின் 4512-ஆம் விதிப்படி, 2018 பிப்ரவரி 5 முதல் அந்த நிறுவனங்கள் இந்தப் பெயரைக் கேட்டு வாங்க முயல வேண்டும். கேட்பது அவர்கள் கடமை, கொடுப்பது உங்கள் விருப்பம். கொடுக்காமலும் கணக்கு திறக்கலாம்.

அந்த நபருக்குப் பங்கு வாங்கவோ விற்கவோ பணம் எடுக்கவோ அதிகாரம் கிடையாது. பவர் ஆஃப் அட்டர்னி (உங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் பெற்றவர்), பெனிஃபிஷியரி (உங்களுக்குப் பின் பணத்தைப் பெறுபவர்) எல்லாம் வேறு.

அப்புறம் எதற்கு இவர்? எழுபது வயது அப்பா திடீரென்று முன்பின் தெரியாத ஒருவருக்குப் பெருந்தொகை அனுப்பச் சொல்கிறார், திரும்ப அழைத்தால் போனை எடுக்கவில்லை என்று வையுங்கள். ட்ரஸ்டட் கான்டாக்டாக அவர் மகள் பெயரைக் கொடுத்திருந்தால், நிறுவனம் மகளை அழைத்து, அப்பா நலமா, யாராவது ஏமாற்றுகிறார்களா என்று விசாரிக்கலாம். 65 வயது நிரம்பியவர் ஏமாற்றப்படுவதாக நியாயமான சந்தேகம் இருந்தால், பணம் வெளியேறுவதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கவும் ஃபின்ராவின் 2165-ஆம் விதி இடம் தருகிறது. பெற்றோரைத் தொலைவில் விட்டிருக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல், பயந்து ஒதுக்க வேண்டிய விஷயமே அல்ல.

18 வயது நிரம்பிய, நீங்கள் நம்பும் யார் பெயரையும் தரலாம், பிறகு மாற்றவும் செய்யலாம். ஃபின்ராவின் இணையதளத்திலும் அமெரிக்க அரசின் இன்வெஸ்டர்.கவ் தளத்திலும் நீங்களே சரிபார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.