மாடியில் டிஷ் இருந்தால் சந்தா ஆகிவிடுமா?

ஒருவர், "காரைக்குடிப் பக்கம் எந்த மாடியைப் பார்த்தாலும் டிஷ்தான், டிடிஎச் வளர்ந்துகொண்டே இருக்கிறது" என்கிறார். டிடிஎச் என்றால் செயற்கைக்கோளிலிருந்து நேராக வீட்டு டிஷ்ஷுக்கு வரும் டிவி சேவை. டிஷ்ஷை எண்ணினால் கணக்கு வராது. எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் செட்டியார் வீட்டு மாடியில் இரண்டு டிஷ். இரண்டும் துரு, ஒன்றில் காக்கைக் கூடு வேறு. வீட்டுக்காரர்கள் படைப்புக்கும் (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) கல்யாணத்துக்கும்தான் கதவைத் திறப்பார்கள்.

2003-இல் டிஷ் டிவி என்ற டிடிஎச் நிறுவனம் வந்ததிலிருந்து பல வருஷம் ஏறுமுகம், சரி. ஆனால் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) எண்ணுவது நடப்பிலிருக்கும் கட்டண இணைப்புகளை மட்டும். நாடு முழுக்க 2020 கடைசியில் சுமார் 7 கோடி. 2024 மார்ச்சில் சுமார் 6.2 கோடி. இறங்கித்தான் இருக்கிறது. அப்புறம், மாதச் சந்தா இல்லாத, தூர்தர்ஷன் தரப்பின் டிடி ஃப்ரீ டிஷ் இதில் சேராது. அதற்கும் மாடியில் டிஷ் வேண்டுமே!