தவிட்டில் வளர்த்த நொதி என்றால் பூஞ்சைத் தூளா?

தவிட்டில் பூஞ்சை வளர்த்து எடுக்கும் நொதித் (என்சைம்) தூள், உயிருள்ள பூஞ்சையை அப்படியே அரைத்ததுதான் என்று ஒரு கருத்து உண்டு. குழப்பம் வருவது இயல்பு; ஆனால் விஷயம் வேறு.

பூஞ்சைக்கு வாய் கிடையாது. அதனால் மாவுச்சத்தை வெளியிலேயே உடைக்க நொதியை வெளியே சுரக்கிறது, அப்புறம்தான் உறிஞ்சுகிறது. ஈரத் தவிட்டில் இரண்டு மூன்று நாளில் வெள்ளை இழைகள் பின்னி, தவிடு அடைபோல இறுகிவிடும். அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் நொதி நீரோடு வந்துவிடும். பூஞ்சையும் சக்கையும் வடிகட்டியில் நின்றுவிடும். வடிந்த நீரைச் செறிவாக்கி உலர்த்தியதுதான் தூள். நொதி ஒரு புரதம், உயிர் அல்ல. (தீவனத்துக்கான சில மலிவான வகைகளில் பிரிக்காமல் மொத்தமாகவே உலர்த்துவதுண்டு. அதைப் பார்த்தவர்கள் எல்லாமே அப்படித்தான் என்று நினைத்திருக்கலாம்.) முறையும் புதிதல்ல. ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகமினே 1894-இலேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

சோதிக்க வேண்டுமா? மாவுச்சத்தைக் காய்ச்சி ஆறவைத்து, ஒரு சொட்டு அயோடின் விடுங்கள், கருநீலமாகும். அதில் பூஞ்சை அமைலேஸை (பூஞ்சையிலிருந்து எடுத்த, மாவுச்சத்தை உடைக்கும் நொதி) கரைத்து, வெதுவெதுப்பாக வையுங்கள். கொஞ்ச நேரத்திலேயே நீலம் ஊதாவாகி, பழுப்பாகி, வெளுக்கும். பூஞ்சை வித்து முளைக்கவே பல மணி நேரம் வேண்டும். அவ்வளவு சீக்கிரம் வேலை செய்தது நொதிதான். இன்னும் சந்தேகம் இருந்தால், தயாரிப்பின் விவரத்தாளில் பூஞ்சை எண்ணிக்கை என்ற வரியைப் பாருங்கள்; உயிருள்ள பூஞ்சை எவ்வளவு என்று அதில் தெரியும்.