அது தண்ணி பைப் இல்லை, தம்பி

என் மாருதி ஜிப்சி ஜீப்பின் டர்போவுக்கு நான் செய்த பைப்பின் படம் நேற்று ராத்திரி முழுக்க எங்கெங்கே சுற்றியது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் சிரித்துவிட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள். "கிருஷ்ணகிரியில் இன்டர்கூலருக்குத் தண்ணி பைப் போடுறாங்க" என்று தலைப்பு, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அலுமினியம்தான் போட வேண்டுமாம். (தெரியாதவர்களுக்கு: டர்போ இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளுகிற காற்று சூடாகும், அதை ஆற்றுவது இன்டர்கூலர், நடுவில் காற்றைக் கொண்டுபோவது இந்த பைப்.) சரி. காலையில் கடை திறந்து, இரண்டு கேட் வேலையை முடித்து, டீ குடித்துவிட்டு நிதானமாகத்தான் எழுதுகிறேன். கோபமெல்லாம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

முதலில் அது எம்எஸ் பைப், அதாவது மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு. இரண்டு இஞ்ச், 1.6 எம்எம் கனம். தண்ணி பைப் என்றால் ஜிஐ, துத்தநாகம் பூசியது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள்தான் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். ஜிஐ பைப்பை நான் இந்த வேலைக்குத் தொடவே மாட்டேன். பதினேழு வயதில், மழைக்காக ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அப்பா பட்டறையில் நாள் முழுக்க ஜிஐ பைப்பில் வெல்டு வைத்தேன். வெள்ளை வெள்ளையாகப் புகை, இமையில்கூடப் பஞ்சு மாதிரி தூள். ராத்திரி எட்டு மணிக்குக் குளிர் ஜுரம் வந்தது. பல்லெல்லாம் தந்தியடிக்கிறது, வாயில் செப்புக்காசை நக்கினது போல ஒரு ருசி. அப்பா ஒன்றும் பேசாமல் அரை லிட்டர் பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தார். எல்லாப் பட்டறையிலும் அதுதான் வைத்தியம். பாலால் ஒன்றும் ஆகாது என்று பின்னாளில் ஒரு டாக்டர் சொன்னார். மறுநாள் காய்ச்சல் தானாக இறங்கியது. அந்தப் பூச்சு வெல்டு ஓரத்தில் உரிந்து உள்ளே போனால் இன்ஜினுக்கும் ஆகாது. ஆக, ஜிஐ என்றால் என்ன என்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பைப் காற்றைக் குளிர வைக்காது. இன்டர்கூலர்தான் குளிர வைக்கும். இதை இன்னும் பத்து முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் கடத்தும், அதனால் பைப்பிலேயே காற்று குளிரும்" என்கிறார்கள். கடத்தும், யார் இல்லை என்றது? அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறன் 200க்கு மேல், சாதா இரும்பு 50ஐ ஒட்டி, எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 வெறும் 16. பள்ளிக்கூடப் பாடம். ஆனால் கணக்கை முழுசாகப் போடுங்கள். ஜிப்சி இன்ஜின் 1298 சிசி. 5000 ஆர்பிஎம்மில் இரண்டு இஞ்ச் பைப்புக்குள் காற்று நொடிக்குச் சுமார் முப்பது மீட்டர் ஓடுகிறது. டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரை ஒன்றேகால் மீட்டர் பைப். நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூடக் காற்று அதற்குள் இருக்காது. சுவரை ஒட்டி நிற்கிற மெல்லிய காற்றுப் படலம்தான் சூட்டைத் தடுக்கிறது, உலோகம் இல்லை. அந்த இடத்தில் நீங்கள் வெள்ளியே போட்டாலும் காற்று கண்டுகொள்ளாது. இன்டர்கூலர் குளிர வைக்கிறதென்றால் அதில் நூற்றுக்கணக்கான தகடுகள் இருக்கின்றன, முன்னால் எதிர்காற்று அடிக்கிறது. அங்கே அலுமினியம்தான் வேண்டும், அங்கே அலுமினியம்தான் இருக்கிறது!

இன்னொன்று. இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குத் திரும்பி வருகிற பைப் ரேடியேட்டர் பக்கமாகத்தான் வருகிறது. சூட்டைச் சீக்கிரம் வெளியே விடுகிற உலோகம் சீக்கிரம் உள்ளேயும் வாங்கும். அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. (அந்த வித்தியாசமும் கொசு அளவுதான், அது வேறு கதை.)

எஸ்எஸ் போட்டிருக்கலாமே என்றும் ஒருவர் கேட்டார். எஸ்எஸ் எனக்குச் சோறு போட்ட உலோகம். மாம்பழ சீசனில் இங்கே கூழ் ஃபேக்டரிகளில் பைப் லைன் வேலைக்கு நான்கு வருஷம் போயிருக்கிறேன். ஆர்கான் வெல்டிங் வைக்கும்போது பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் வாயுவை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் உள் பக்கம் கருகி, கருப்பட்டிப் பாகு பொரிந்தது மாதிரி கரடாக நிற்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், உள்ளே அந்தக் கரடு. ஃபேக்டரியில் அதற்குள் விரலை விட்டுப் பார்த்துத்தான் பாஸ் பண்ணுவார்கள். உங்கள் எஸ்எஸ் பைப்புக்குள் யாராவது விரலை விட்டுப் பார்த்தீர்களா? அங்கே எஸ்எஸ் போடுவது கூழின் புளிப்புக்காக, அழகுக்காக இல்லை. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பைப் காற்றைக் குளிர வைக்காது (இரண்டாவது முறை).

எடை என்பீர்கள். மொத்தம் இரண்டரை மீட்டர் பைப். இரும்பில் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 2 எம்எம் அலுமினியத்தில் இரண்டு கிலோ. மூன்று கிலோ வித்தியாசம். பின் சீட்டில் ஒரு பை பெங்களூரா மாங்காய். ஜிப்சியில், அதுவும் என்னை மாதிரி தொப்பை வைத்தவன் ஓட்டுகிற ஜிப்சியில், மூன்று கிலோவைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

துரு? ஆமாம், துரு பிடிக்கும். இன்டர்கூலருக்குப் பிறகு ஃபில்டர் கிடையாது, உரிந்தால் நேரே இன்ஜினுக்குத்தான். இது நியாயமான கேள்வி. ஆனால் டர்போ வண்டியில் கிரான்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பெட்டி) மூச்சுக்குழாயிலிருந்து வருகிற எண்ணெய் ஆவி பைப்புக்குள் ஒரு பூச்சு பூசிவிடும், தினம் ஓடுகிற வண்டிக்கு அது போதும். வருஷத்தில் ஆறு மாதம் உறை போட்டு மூடி வைக்கிறவர்கள் அலுமினியமே போட்டுக்கொள்ளுங்கள். போதுமா?

வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை நினைவூட்டிய அன்பருக்கு: அந்தப் பிரிவு அலுமினிய பைப் போட்டவருக்கும் சேர்த்துத்தான்.

போன வருஷம் நண்பன் ஒருவனின் டீசல் வண்டியில் சேலத்திலிருந்து வந்துகொண்டிருந்தோம். பஃபிங் போட்ட அலுமினிய பைப், முகம் பார்க்கலாம். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், முன்னால் ஒரு கிரானைட் லாரியைத் தாண்ட அவன் அழுத்தினான். டப். துப்பாக்கி வெடித்த மாதிரி. வண்டி அப்படியே படுத்துவிட்டது, பின்னால் கருப்புப் புகை, பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. ஓரம் கட்டி பானெட்டைத் தூக்கினால் சிலிக்கோன் ஹோஸ் பைப்பிலிருந்து கழன்று தொங்குகிறது. பைப் முனையைத் தடவிப் பார்த்தேன். மொழுமொழுவென்று கண்ணாடி மாதிரி. ஹோஸ் கழலாமல் பிடிக்க முனையில் ஒரு மேடு இருக்க வேண்டும், அது இல்லை. எண்ணெய் ஈரம் வேறு. கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. என் பையிலிருந்த கட்டுக்கம்பியால் கட்டித்தான், அதுவும் மிதிக்காமல், தர்மபுரி வந்து சேர்ந்தோம். என் எம்எஸ் பைப் முனையில் அந்த மேட்டை வெல்டாலேயே சுற்றி வைத்து, அரம் போட்டு மழித்திருக்கிறேன். அந்தப் படத்தில் அதைத்தான் "அசிங்கமான வெல்டு" என்று வட்டம் போட்டிருக்கிறார்கள். ஹோஸுக்குள் மறைகிற இடத்தைத் தனியாகக் கழற்றிப் படம் எடுத்து நானே போட்டேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அலுமினியம் கெட்ட சாமான் என்று நான் சொல்லவே இல்லை. அதை வெல்டு வைக்க ஏசி (மாறுமின்னோட்ட) ஆர்கான் மெஷின் வேண்டும். மேலே இருக்கிற ஆக்சைடு தோல் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும், உள்ளே இருக்கிற அலுமினியம் 660லேயே ஓடிவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில் கை நிற்கத் தெரிந்தவர்கள் ஓசூரில் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். எனக்கு இரும்பில் கை நிற்கும். தனக்குக் கை நிற்கிற உலோகத்தில் ஒருவன் ஒழுகாமல் செய்து கொடுப்பது கேவலமா?

எனக்கு வலித்தது "தண்ணி பைப்" இல்லை. "ஊர்ப்பக்க லேத்துப் பட்டறை ஆளுங்களுக்கு இதெல்லாம் எதுக்கு" என்ற அந்த ஒரு கமெண்ட். அதற்கு விழுந்த லைக்கில் என் கடையில் வேலை கற்றுக்கொண்டு போன இருவரின் பெயரும் இருந்தது. இந்த மாவட்டத்தில் முக்கால்வாசி டிராக்டர் டிரெய்லரும் கிணற்று மோட்டார் தாங்கியும் அந்த ஊர்ப்பக்க ஆட்கள் வைத்த வெல்டில்தான் நிற்கிறது. அப்பாவின் கண்ணில் இரும்புத் தூள் எடுத்த தழும்பு கடைசி வரை இருந்தது. அவர் எந்தக் குழுவிலும் இல்லை, நல்லவேளை.

படத்தை நீக்கச் சொல்லி இன்பாக்ஸில் நான்கு பேர் கேட்டார்கள். நீக்கமாட்டேன். நேற்று டர்போ வாயை அடைத்து, கம்ப்ரசர் காற்றைப் பத்து பிஎஸ்ஐ ஏற்றி, எல்லா ஜாயின்டிலும் சோப்புத் தண்ணி தடவினேன். ஒரே இடத்தில் குமிழி வந்தது, திராட்டில் பாடி (இன்ஜினின் காற்று வாசல்) பக்கத்துக் கிளிப்பில். கடையில் வாங்கிய கிளிப் அது. அதற்குப் பதிலாக, போல்ட்டால் இறுக்குகிற டி-போல்ட் கிளாம்ப் மதியம் வந்துவிடும் என்றார்கள், மாட்ட வேண்டும்.