கைக்குழந்தைக்கு ஜெல் மணி வேண்டாம், கேவுரு கூழ் போதும்

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கமெல்லாம் முதல் பிறந்தநாளுக்கே 'சென்சரி கிட்', அதாவது தொட்டுத் தடவி விளையாடும் பொருள்கள் அடங்கிய பெட்டி, பரிசாக வருகிறது. சாய அரிசி, பாசிமணி, ஊறினால் பெருக்கும் ஜெல் மணி. மூன்று வயதுக்குள் இதில் ஒன்றுகூடக் குழந்தை கைக்குப் போகக் கூடாது. அந்த வயதில் எது கிடைத்தாலும் நேரே வாய்க்குத்தான் போகும். அதனால் விழுங்கினாலும் கெடுதல் செய்யாததுதான் விளையாட்டுப் பொருள். நம்ம ஊர் அடுப்படியில் அது இருக்கிறதே, கேவுரு (கேழ்வரகு) மாவு!

நிமிர்ந்து உட்காருகிற, கேவுரு சாப்பிட்டுப் பழகிய குழந்தைக்கு, அளைந்து விளையாட இந்த மாவில் கூழ் செய்யுங்கள். இரண்டு மேசைக்கரண்டி மாவை 200 மி.லி. பச்சைத் தண்ணீரில் முதலில் கரைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும், கட்டிக்குள் மாவு வேகாது. சிறுதீயில் கிளறிக்கொண்டே ஏழெட்டு நிமிடம். பச்சை வாசனை போய்ப் பளபளப்பு வரவேண்டும். உப்பு, சர்க்கரை வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. ஆறும்போது மேலே ஏடு கட்டும், உள்ளே சூடு அப்படியே நிற்கும். அடிவரை கலக்கி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகே தாம்பாளத்தில் ஊற்றுங்கள். கீழே பழைய லுங்கி விரித்தால் துடைக்கிற வேலை மிச்சம். பத்து நிமிடம் போதும், மீந்ததைக் கொட்டிவிடுங்கள். வேகாத மாவை மட்டும் அளையக் கொடுக்காதீர்கள். அதில் கிருமி இருக்கலாம், தூள் மூச்சில் ஏறும்.

பக்கத்தில் இருப்பவர் "சீ, கையெல்லாம் அழுக்கு" என்றால் விளையாட்டு அதோடு முடிந்தது. "வழுக்குதா? பிசுபிசுன்னு ஒட்டுதா?" என்று கேட்டுவிட்டு, குழந்தை ஒரு சத்தமாவது எழுப்பும் வரை காத்திருங்கள். பேச்சு அங்கேதான் வளர்கிறது.

காய்கறிக் கூடையும் அருமையான விளையாட்டு. இலவம்பாடி முள்ளுக் கத்தரியை மட்டும் எடுத்துவிடுங்கள், காம்பு முள் குத்தும்.

ஜெல் மணியை விழுங்கினால் குடலில் ஊதி அடைத்துக்கொள்ளும். எக்ஸ்ரேயில் சாதாரணமாகத் தெரியாது. சந்தேகம் வந்தாலே வாந்திக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். அக்கா அண்ணன்களின் பல்லாங்குழிப் புளியங்கொட்டையும், வேர்க்கடலையும் குறைந்தது நான்கு வயது வரை எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தண்ணீர் விளையாட்டுக்கு இரண்டு விரல் ஆழம் போதும், அதற்கும் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முடிந்த கையோடு கொட்டிவிடுங்கள்.

கூழைத் தொட மறுத்து அழுகிற குழந்தையின் கையைப் பிடித்து அழுத்தாதீர்கள். ஒரு கரண்டியைக் கொடுங்கள், அதால் குத்திப் பார்க்கட்டும். விரல் எப்போது இறங்குகிறதோ அப்போது இறங்கட்டும்.