காரில் பாதி, கோச்சியில் மீதி

கொழும்பில் கார்களைக் குறைக்க வேண்டும் என்று எழுதுகிறவர்களில் சிலர் கார் வைத்திருப்பவர்களைத் திட்டுகிறார்கள். மற்றவர்கள் 'ஒரு காரில் நாலு பேர் சேர்ந்து போங்கள்' என்று உபதேசம் பண்ணுகிறார்கள். இரண்டாலும் கொழும்பில் இருந்து காலி ஊருக்குப் போகும் காலி வீதியில் ஒரு கார் குறைந்ததாகத் தெரியவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகு, புது நம்பர் பிளேட்டுகள்தான் கண்ணில் படுகின்றன. வாங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் வீட்டிலும் ஒன்று நிற்கிறது.

சேர்ந்து போகும் ஏற்பாடு ஏன் நிலைப்பதில்லை? சிக்கல் காலையில் இல்லை, பின்னேரத்தில்தான் இருக்கிறது. காலையில் எல்லாருக்கும் ஒரே அவசரம், ஏறக்குறைய ஒரே நேரம். பின்னேரம் ஒருவருக்கு மீட்டிங் இழுபடும். இன்னொருவர் பிள்ளையை டியூஷனில் இருந்து ஏற்ற வேண்டும். மற்றவருக்குக் கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமை. கார்க்காரர் கந்தோரை விட்டு வெளிக்கிடும் வரைக்கும் மற்ற மூன்று பேரும் கீழே நின்று போனைத் தடவிக்கொண்டிருக்க வேண்டும். முதல் கிழமை பகிடி, அடுத்த கிழமை முகச்சுளிப்பு, அதற்குப் பிறகு ஆளுக்கொரு சாட்டு. ஏற்பாடு அப்படியே செத்துப்போகும்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோல் லீற்றர் 470 ரூபாய் வரை போனது. பெற்றோல் செட்டில் கியூவில் கிடந்து நித்திரை கொண்டவர்களை எல்லாரும் பார்த்தோம். ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து ஊற்றியபோது, முன்வீட்டுக்காரரோடு பேச்சு வார்த்தை இல்லாதவர்கூட அவருடைய காரில் ஏறினார். 2023 செப்டெம்பரில் கியூஆர் போனது. சேர்ந்து போனதும் அதோடு போனது. சனம் சுயநலம் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வீட்டு வாசலில் இருந்து கந்தோர் வாசல் வரை, போகவும் வரவும் இன்னொருவரின் நேரத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பது ஒரு விலங்கு. எரிபொருள் கிடைத்ததும் சனம் அதைக் கழற்றிப் போட்டது, அவ்வளவுதான்.

ஆகவே நான் சொல்வது இது: காலையில் மட்டும் சேர்ந்து போவோம், அதுவும் ஸ்டேஷன் வரைக்கும் மட்டும். பின்னேரம் அவரவர் பாடு. பஸ்ஸும் கோச்சியும் (ரயிலும்) இருக்கின்றன.

கரையோரப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாணந்துறை, மொறட்டுவை, கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று காலி வீதிக்குப் பக்கத்திலேயே கோட்டை வரை இரட்டைத் தண்டவாளம் ஓடுகிறது. மேலே கார்கள் முழங்காலால் தவழும் நேரத்தில் கீழே கோச்சி கடற்காற்றோடு போய்விடும். பிரச்சினை, சனம் இருக்கும் இடம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இல்லை. களுபோவில, அத்திடிய, நெதிமால என்று உள்ளே உள்ளே போய்விட்டோம். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு நடக்க ஏலாது, ஓட்டோவுக்குத் தினமும் கொடுத்துக் கட்டாது. 'எப்படியும் காரை எடுக்கத்தானே வேண்டும், அப்படியே கோட்டை வரைக்கும் போய்விடுவோம்' என்று அந்த முதல் இரண்டு மூன்று கிலோமீற்றருக்காக முழுத் தூரமும் காரில் போகிறோம்.

அந்தத் துண்டை அடைக்கப் புதுக் கார் எதுவும் தேவையில்லை. காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடும் கார்களை எட்டிப் பாருங்கள். முன்னால் அம்மாவோ அப்பாவோ, பின்னால் அரை நித்திரையில் ஒரு பிள்ளை, மடியில் ஒரு தண்ணீர்ப் போத்தல். மற்ற இருக்கைகள் காலி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடங்களுக்குப் போகும் இந்தக் கார்கள் எல்லாம் ஏதோ ஒரு ஸ்டேஷனைத் தாண்டித்தான் போகின்றன.

எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும் காரில் கீழ்மாடி அக்காவும் ஏறுவார். கோட்டையில் வேலை. கோச்சியில் மிதிபடும் என்று நல்ல சப்பாத்தைக் காருக்குள்ளேயே கழற்றிப் பையில் வைத்துவிட்டு, றப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு மெரின் டிரைவில் பம்பலப்பிட்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இறங்குவார். சீசன் டிக்கெட் போன் கவருக்குப் பின்னால் செருகியிருக்கும். பின்னேரம் அவர் கோச்சியில் வந்தாரா, பஸ்ஸில் வந்து தெஹிவளைச் சந்தியில் இறங்கினாரா, தங்கச்சி வீட்டுக்குப் போனாரா, எங்களுக்குத் தெரியாது. அவரும் எங்களைக் கேட்பதில்லை. ஒருவருக்கு ஒருவர் பின்னேரக் கடன் இல்லாததால்தான் இது இவ்வளவு காலம் இழுபடாமல் ஓடுகிறது.

'கோச்சியில் ஏற இடமா இருக்கிறது?' என்று கேட்பீர்கள். நியாயம். காலையில் புட்போட்டில் தொங்கிக்கொண்டு வரும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கும் கை நடுங்கும். பெட்டிகளைக் கூட்ட வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கார்க்காரர்கள் ஏறத் தொடங்கும் வரை கோச்சி திருந்தாது என்பதும் என் அபிப்பிராயம். மேலதிகாரி மிதிபட்டால்தான் மேசையில் கோப்பு நகரும்.

இன்னொரு விஷயத்தை ஆண்கள் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். இலங்கையில் பஸ், ரயிலில் பயணம் செய்யும் பெண்களில் 90 சதவீதமானோர் ஒருமுறையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் ஆய்வு சொன்னது. அதை வைத்துக்கொண்டு 'காரை விட்டு இறங்கு தங்கச்சி' என்று சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது. தெரிந்த முகத்தோடு ஸ்டேஷன் வரை போவது பாதிப் பயத்தைக் குறைக்கும். மீதிப் பாதிக்கு நடத்துனரும் பொலிஸும் பக்கத்தில் நிற்கும் நாங்களும்தான் பொறுப்பு.

மாலபே, கடுவலை பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். அங்கே தண்டவாளமே இல்லை. ஜப்பான் கடனில் மாலபேயில் இருந்து கோட்டைக்கு வரவிருந்த இலகு ரயிலை 2020 செப்டெம்பரில் நிறுத்திவிட்டார்கள். பாஸ்போட் எடுக்க அந்த வழியில் இருக்கும் பத்தரமுல்லைக்குப் போய் வந்த எவரும் அதற்காக ஒரு பெருமூச்சு விட்டிருப்பார். அந்தப் பக்கத்துக்கு நல்ல பஸ்தான் வழி. கொட்டாவைக்குப் பக்கத்தில் மாகும்புரவில் காரை நிறுத்திவிட்டு பஸ் ஏறும் ஏற்பாட்டோடு நிலையம் கட்டினார்கள், நல்ல யோசனை. அதைப்போல ஒன்று மாலபேயில் ஏன் இல்லை என்று கேட்கலாம்.

மூன்று பேர் ஏறிய காரை பஸ் ஒழுங்கையில் விடச் சொல்கிறார்கள் சிலர். எனக்கு உடன்பாடு இல்லை. கறுப்புக் கண்ணாடிக்குள் எத்தனை தலை என்று எந்தப் பொலிஸ்காரர் எண்ணப்போகிறார்? பஸ்ஸுக்கு விட்ட ஒழுங்கை பஸ்ஸுக்கே இருக்கட்டும். கார்க்காரருக்கு அது வேகமாகப் போவது தெரிந்தால் போதும், தானாக ஏறுவார்.

காசு விஷயம்: ஆளுக்கு இவ்வளவு என்று கூலி வாங்காதீர்கள். தனிப்பட்ட பாவனைக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் வாடகை ஓட்டத்துக்குக் கை கொடுக்காது, விபத்து நடந்த பிறகு அதைக் கண்டுபிடிப்பது நல்லதில்லை. மாதத்தில் ஒருமுறை ஒரு தாங்கி அடித்துத் தருகிறேன் என்று அக்கா சொன்னார். நாங்கள் மறுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக மகளுக்கு அடிக்கடி வடை வருகிறது.

களுபோவில வைத்தியசாலைப் பக்கத்தில் இருந்து ஏழு மணிக்குள் வெளிக்கிட்டு, கோச்சியில் கோட்டைக்கோ மருதானைக்கோ போகிறவர்கள் இருந்தால் இன்பொக்ஸில் எழுதுங்கள். எங்கள் காரில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது. பெண்ணாக இருந்தால் அக்காவுக்குத் துணை. பள்ளிக்கூட விடுமுறையில் கார் ஓடாது, அதை முதலே சொல்லிவிடுகிறேன்.