கொடுமணலில் பாதி செய்த மணியும் பேசும்

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றின் வடகரையிலுள்ள பழங்கால ஊர் கொடுமணல். அதன் அகழாய்வைப் பற்றிய ஒரு கட்டுரை, அங்கே "மணிகள் கிடைத்தன" என்று ஒரே வரியில் கடந்துபோகிறது. அங்கே முக்கியமே செய்து முடிக்காத கல்மணிகள்தான். வெறும் வியாபாரத்துக்கு வந்த பொருள் என்றால் முழுமணி மட்டும்தானே கிடைத்திருக்கும்? கொத்திய கல், பாதி தேய்த்தது, துளை போடும்போது உடைந்தது, கழிவுச்சில்லு எல்லாம் கலந்து கிடப்பதுதான் அது பட்டறை என்பதற்குச் சாட்சி.

உடைந்த மணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரு முனையிலிருந்தும் துளையிட்டிருப்பார்கள். இரண்டும் நடுவில் நேராகச் சந்திக்காவிட்டால் கல் பிளந்துவிடலாம். மணி செய்த கற்களில் பச்சைக்கல் (பெரில்) பக்கத்துப் படியூரில் கிடைத்தது, சூதுபவளம் என்ற செந்நிறக் கல் குஜராத் பக்கமிருந்து வந்தது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பதே அறிஞர்கள் கருத்து.

போகிறவர்களுக்கு ஒன்று: மழைக்குப் பின் உழுத காட்டில் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள் மேலே வந்து கிடக்கும். தயவுசெய்து பொறுக்காதீர்கள். எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டால் ஆதன், சாத்தன் என்று பெயர் கீறிய ஓடுகூட வெறும் ஓடுதான். பழைய இடுகாட்டில் புதைகுழிகளைச் சுற்றியுள்ள கல்வட்டங்களின் கற்களைப் புரட்டவும் வேண்டாம்.