முதல் செலவு தாளுக்குத்தான்

நீர்வர்ண ஓவியம் பழக முதலில் எதில் காசு போடுவது என்று பொள்ளாச்சித் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். ‘பழகுகிறவர்களுக்கு எந்தத் தாளும் போதும், காசையெல்லாம் வெளிநாட்டு வர்ணத்தில் போடுங்கள்’ என்று அவருக்கு ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்துவிடாதீர்கள் அம்மணி, அது தலைகீழ் யோசனை.

பேரூர்ப் படித்துறையில் உட்கார்ந்து, விலை உயர்ந்த வர்ணத்தைச் சாதாரண டிராயிங் நோட்டில் பூசிப் பார்த்தவன் நான். வானத்துக்கு ஈரம் வைத்ததுமே தாள் அப்பளம்போல் நெளிந்தது. பள்ளங்களில் நீலம் குளமாகத் தேங்கியது. இரண்டாம் முறை தூரிகை பட்டபோது மேற்பரப்பு திரிதிரியாக உருண்டு வந்துவிட்டது. வர்ணத்தின்மேல் குற்றமே இல்லை.

நீர்வர்ணத் தாளில் பசைப்பூச்சு ஏற்றியிருப்பார்கள். தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காமல் மேலே நிற்பதால்தான் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்க நேரம் கிடைக்கிறது. 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளைக் கேளுங்கள். முழுப் பருத்தியாக இருந்தால் மிக நல்லது. கையால் செய்த தாளைக் ‘கைத்தாள்’ என்பார்கள்; அந்தப் பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். பசைப்பூச்சு இல்லாத கைத்தாள் மையொற்றும் தாள்போல் உறிஞ்சிவிடும். துண்டு ஒன்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

வர்ணம் இப்போதைக்கு, பழகுகிறவர்களுக்கென்று விற்கும் விலை குறைந்த ‘மாணவர் தரமே’ போதும். 8-ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்று. நனைத்து உதறினால் முனை ஊசிபோல் குவிய வேண்டும். பெரிய தாளாக வாங்கி நான்காகக் கிழித்துக்கொள்ளுங்கள், பின்புறத்திலும் பழகலாம்.